எட்டாம் நாள்

"பிள்ளை பால் குடிக்க மாட்டேங்கு, நர்சம்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் என் முகத்தையே பார்த்தாள்.

காலை வெயில் அப்போதுதான் தொழுவத்துக் கூரையில் விழுந்திருந்தது. தொழுவத்தை ஒட்டி இறக்கிய சாய்ப்பில், பழைய பாயில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சுண்டுவிரலைப் பிள்ளையின் உதட்டில் வைத்தேன். நல்ல பிள்ளை என்றால் உடனே சப்பும். இந்தப் பிள்ளையின் ஈறுகள் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன. விரல் நுழையவில்லை. வாயின் ஓரம் இழுத்துக்கொண்டதில் பிள்ளை சிரிப்பது போல இருந்தது.

வாசலில் யாரோ செம்பைத் தரையில் வைத்தார்கள். அந்தச் சின்னச் சத்தத்துக்குப் பிள்ளையின் உடம்பு வில்லாக வளைந்தது.

பிறந்து அன்று எட்டாம் நாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

என் கத்திரிக்கோல்

இது முதல் யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்தது. ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றின் தென்கரையில். பெயரை எழுதப்போவதில்லை. அந்த வீட்டாரின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பாளையங்கோட்டையில் பேறுகால வேலை படித்து முடித்த கையோடு, தாலுகா போர்டு டிஸ்பென்சரிக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். டாக்டர் வாரம் ஒருநாள் வண்டியில் வருவார். மற்ற ஆறு நாளும் நானும் ஒரு தகரப் பெட்டியும்தான். பெட்டிக்குள் கத்திரிக்கோல், நூல், துணி, கார்பாலிக் சோப்பு. "இன்னும் கலியாணம் ஆகலையா? இவ வந்து பேறு பாக்கப் போறாளாக்கும்!" என்று என் காதுபடவே பேசினார்கள்.

படிக்கும்போது ஒருநாள் எங்கள் மிஸ்ஸியம்மா, அதாவது வெள்ளைக்கார லேடி டாக்டர், தாமிரபரணித் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துக் காட்டினார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆற்றுத் தண்ணீர் என்றால் எத்தனை பெருமை என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் தண்ணீருக்குள் என்னென்னமோ நெளிந்தன, ஓடின, ஒன்றையொன்று முட்டின. இரண்டு நாள் எனக்குத் தண்ணீர் இறங்கவில்லை. மூன்றாம் நாள் தாகம் ஜெயித்தது. காய்ச்சிக் குடித்தேன். அன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாததை நம்புகிற ஆளாகிவிட்டேன்.

நம்பினால் மட்டும் போதாது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஊருக்கு வந்த முதல் வாரமே நான் மேடை போடாத குறையாகப் பேசினேன். "துருப்பிடித்த அரிவாளால் தொப்புள்கொடியை அறுக்கிறீர்கள். அழுக்குக் கையால் தொடுகிறீர்கள். பிள்ளை சாகாமல் என்ன செய்யும்? என்னைக் கூப்பிடுங்கள். ஒரு பிள்ளையும் சாகாது." அந்த ஊரில் வருஷந்தோறும் சில பிள்ளைகள் பிறந்த ஏழெட்டு நாளில் வாய் கட்டி, உடம்பு விறைத்துப் போய்க்கொண்டிருந்தன. எட்டாம் நாள் சீக்கு என்பார்கள். வெளியே கிடக்கும் பிள்ளையின் மேல் பறவையின் நிழல் பட்டுவிட்டது, பட்சி தோஷம் என்பார்கள்.

பேச்சியம்மாள் தாயில்லாப் பெண், தலைப்பிரசவமும் மாமியார் வீட்டில்தான். அந்த முதல் பிள்ளை அப்படித்தான் போயிருந்தது. அதற்குப் பேறு பார்த்தவள் ஊர் மருத்துவச்சி இசக்கி. என் பேச்சைக் கேட்டு, இரண்டாவது பிள்ளைக்கு அவளை ஒதுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பிள்ளைதான் இது.

இசக்கி வந்தாள்

பிள்ளை போன மறுநாள் டிஸ்பென்சரி வாசலில் ஈ காக்கை இல்லை. 'நர்சம்மா கத்திரிக்கோல்ல விஷம் இருக்கு' என்ற பேச்சு நான் வீடு திரும்பும் முன்பே தெருவைச் சுற்றி வந்துவிட்டது. பெட்டியைக் கட்டிவிட்டுப் பாளையங்கோட்டைக்கே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இசக்கி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, வெற்றிலைக் கறை ஏறிய பல், யாரையும் நேருக்கு நேராகப் பார்க்கிற கண். குத்திக்காட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்தாள்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கிடாதிய."

"கேளு."

"கத்திரிக்கோல வெந்நீருல போட்டியளா?"

"போட்டேன். அரை மணி நேரம் கொதிச்சது."

"கையக் கழுவினியளா?"

"கழுவினேன். நீதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தியே!"

"பாத்தேன். அதனாலதான் கேக்கேன்." அவள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தாள். "நான் அரிவாளால அறுத்த பிள்ளையும் போச்சு. நீங்க கொதிக்க வச்சு வெட்டின பிள்ளையும் போச்சு. அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவா என்னமோ ஒண்ணு இருக்கு. அது என்னது?"

அந்தக் கேள்வியை நான் எனக்கே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நான் அவமானத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பட்சி தோஷம்னு சொல்லுதாவளே" என்றேன், அவள் வாயைக் கிளற.

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். ஆனா எந் தங்கச்சி புன்னைக்காயல் பக்கம் வாக்கப்பட்டிருக்கா. அங்கன கடக்கரையில வலைக்காரக வீட்டுக்கெல்லாம் அவதான் பேறு பாக்கா. போன கோயில் கொடைக்கு வந்தப்ப எட்டாம் நாள் சீக்கைப் பத்திச் சொன்னேன். 'அது என்னதுக்கா'ன்னு கேக்கா! கொக்கும் நாரையும் இங்கனய விட அங்கனதான ஜாஸ்தி? அந்தப் பட்சிக்கெல்லாம் நெழலு இல்லையா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப இங்கன இருந்து அங்கன இல்லாதது என்னதுன்னு யோசிச்சேன், நர்சம்மா. நேத்து ராவு பூரா அதுதான். மாடு. வலைக்காரக வீட்டுல தொழுவம் ஏது? இங்கன நாங்க தொப்புள்ல என்ன வைக்கோம்? தொழுவத்துல காஞ்ச சாணியப் பொடிச்சு, நல்லெண்ணெயில கொழச்சு வைக்கோம். சீக்கிரம் உதிரும்னு. அங்கன எந் தங்கச்சி வெறும் எண்ணெயத்தான் தடவுதா."

"பேச்சியம்மா பிள்ளைக்கு நான் அப்படி எதுவும் வைக்கலையே!"

"நீங்க வைக்கல. மூணாம் நாளைக்கு அப்புறம் நீங்க அந்த வீட்டுப் பக்கமே வரல. நீங்க போன பெறவு வடிவாச்சி வச்சிருக்கா. இப்பத்தான் பேச்சியம்மாகிட்டக் கேட்டுட்டு வாரேன்."

வடிவாச்சி என்று ஊரார் கூப்பிடும் சண்முகவடிவு, பேச்சியம்மாளின் மாமியார். பசுவின் சாணம் சுத்தம், மருமகளின் பிள்ளைக்கு நல்லது என்று நம்பி, தன் கையாலேயே பொடித்து வைத்திருக்கிறாள்.

இசக்கி தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். நான் அப்போதுதான் அவள் முகத்தைக் கவனித்தேன். அழவில்லை.

"நான் சொல்லுதது சரின்னா, நர்சம்மா, எத்தன பிள்ளைக்கு இந்தக் கையால வச்சிருக்கேன்?"

என் நோட்டில் இருந்தது

அவள் போனதும் பெட்டியின் அடியில் கிடந்த என் படிப்பு நோட்டை எடுத்தேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நோட்டு. பத்துப் பன்னிரண்டு பக்கம் தள்ளியதும் அந்த வரி இருந்தது. வாய்க்கட்டு நோயின் கிருமி மண்ணிலும் மாடு, குதிரையின் சாணத்திலும் வாழும். புண் வழியாக உடம்புக்குள் போகும். என் கையெழுத்து. அடிக்கோடு கூடப் போட்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியதும் நினைவிருக்கிறது.

தொப்புள் ஒரு புண் என்று எனக்குத் தோன்றவில்லை. தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் பேறு பார்த்தேன், மாடு மூச்சு விடுவது காதில் கேட்டது, அப்போதும் தோன்றவில்லை. அரிவாள்தான் குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டுத்தான் அந்த ஊருக்குள் கால் வைத்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவள் யோசித்து யோசித்துப் போய்ச் சேர்ந்த இடம் என் பெட்டியின் அடியில் கிடந்தது.

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு இசக்கியின் வீட்டுக்குப் போனேன். அந்த வரியை வாசித்துக் காட்டினேன். "இன்னொரு தடவ வாசிங்க" என்றாள். வாசித்தேன்.

"தெரியாம செஞ்சேன். இனிமே செஞ்சா தெரிஞ்சு செஞ்சதா ஆயிரும்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவளை இசக்கியக்கா என்றுதான் கூப்பிட்டேன். கிறிஸ்தவ நர்சு மருத்துவச்சியை அக்கா என்று கூப்பிடுவதா என்று இரண்டு பக்கத்திலும் முகம் சுளித்தவர்கள் உண்டு.

யாரிடம் எப்படிச் சொல்வது

நான் நேராக வடிவாச்சியிடம் போய்ச் சொல்லத் துடித்தேன். இசக்கியக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னன்னு சொல்லுவிய? ஒம் பேரப்பிள்ளை ரெண்டையும் நீயேதான் கொன்னேன்னா? அடுத்த நிமிசம் கெணத்துல கெடப்பா."

அப்படியானால் என்ன செய்வது? அவள் ஒரு வழி சொன்னாள். டிஸ்பென்சரியில் புண்ணுக்குப் போடும் வெள்ளைப் பொடியை நான் ஒரு பொட்டலமாகக் கட்டித் தர வேண்டும். அம்மன் கனவில் வந்து கொடுத்த திருநீறு என்று சொல்லி இசக்கியக்கா தொப்புளில் வைத்துவிடுவாள். சாணிப்பொடிக்கு இடமே இருக்காது.

"பொய் வேண்டாம் அக்கா" என்றேன்.

"ஒங்க வேதத்துல பொய் ஆகாது. பிள்ளை சாகலாமாக்கும்?"

"அதுக்குச் சொல்லல. இன்னைக்கு நீங்க கனவுன்னு ஒரு பொடி கொடுத்தா, நாளைக்கு வேற ஒருத்தி கனவுன்னு வேற பொடி கொண்டு வருவா. அப்ப எதை வச்சு வேண்டாம்னு சொல்லுவிய? நீங்க எப்படிக் கண்டுபிடிச்சியளோ, அப்படியே ஊர்ப் பொம்பளைகளும் கண்டுபிடிக்கட்டும்."

பாக்கை மென்று முடித்தாள். பிறகு, "படித்துறைக்கு வாங்க" என்றாள்.

படித்துறையில் கூழாங்கல்

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். படித்துறையில் துணி துவைக்கிற பெண்களில் ஒருத்தி அம்பாசமுத்திரத்துக்காரி, ஒருத்தி தேரிக்காட்டுப் பக்கம், ஒருத்தி கடற்கரையை ஒட்டிய ஊர். ஆளுக்கொரு ஊரில் தலைப்பிள்ளை பெற்றவர்கள். அந்தந்த ஊரில் அந்தந்தப் பழக்கம். இது எனக்குத் தோன்றவில்லை. இசக்கியக்காவுக்குத் தோன்றியது.

மணலில் விரலால் ஒரு கோடு கிழித்தாள். "ஏட்டி, எல்லாரும் இங்கன வாங்க. ஒவ்வொருத்தியும் பெத்த பிள்ளைய நெனச்சுக்கோங்க. தொப்புளுக்குச் சாணிப்பொடி வச்ச பிள்ளைன்னா கோட்டுக்கு இந்தப் பக்கம். வைக்காத பிள்ளைன்னா அந்தப் பக்கம். பிள்ளை பொழச்சிருந்தா கூழாங்கல்லு. எட்டாம் நாள் சீக்குல போயிருந்தா ஓட்டுச்சில்லு."

முதலில் சிரித்தார்கள். பிள்ளையை எண்ணினால் ஆகாது என்று ஒருத்தி பின்வாங்கினாள். "எண்ண வேண்டாம், கல்லை மட்டும் போடு" என்றாள் இசக்கியக்கா. பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கூழாங்கல்லைப் போட்டவர்கள் பேசிக்கொண்டே போட்டார்கள். ஓட்டுச்சில்லைப் போட்டவர்கள் பேசவில்லை. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த துவைகல் சத்தம் பைய நின்றது.

பொடி வைத்த பக்கத்தில் கூழாங்கற்களும் இருந்தன, சில்லுகளும் இருந்தன. வைக்காத பக்கத்தில் கூழாங்கல்லாகவே கிடந்தது, ஒரே ஒரு சில்லைத் தவிர. அந்த ஒன்றைப் பார்த்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. "அது வேற சீக்கா இருக்கும், எடுத்திருவோம்" என்று கிசுகிசுத்தேன்.

"இருக்கட்டும்" என்றாள் இசக்கியக்கா. "நமக்குத் தோதா இல்லைங்கதுக்காக ஒரு பிள்ளைய இல்லன்னு சொல்ல முடியாது. அது எதனால போச்சோ, எனக்குத் தெரியல." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வச்ச பிள்ளையெல்லாம் சாகல. ஆனா செத்த பிள்ளைய பாருங்க, அந்த ஒண்ணத் தவிர எல்லாம் எந்தப் பக்கம் கெடக்குன்னு பாருங்க. அதுல முக்காவாசி நான் வச்சது. எங்கையால."

அவள் அப்படிச் சொல்வாள் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது.

மேல்படியில் குடத்தோடு நின்றிருந்த வடிவாச்சியை அதுவரை நாங்கள் பார்க்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தாள். குனிந்து இரண்டு ஓட்டுச்சில்லை எடுத்தாள். பொடி வைத்த பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். யாரையும் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கினாள்.

முழங்கால், இடுப்பு, மார்பு. இசக்கியக்கா ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அவள் முந்தானையைப் பிடித்துவிட்டாள்.

"ஆச்சி!"

"விடு இசக்கி" என்றாள் வடிவாச்சி. "முங்கத்தான் போறேன்."

விடவில்லை. முந்தானையைப் பிடித்தபடியே அவளும் கூடவே முங்கினாள். மூன்று முறை. பிறகு இருவரும் கரையேறினார்கள். வடிவாச்சி தலையைப் பிழிந்து முடிந்துகொண்டு, குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்புறம் வெகுநாள் யாரிடமும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பத்தாயத்து அறை

அடுத்த வருஷம் ஆடி பிறந்து, அணைத் தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டிருந்த சமயம், வடிவாச்சியே டிஸ்பென்சரிக்கு வந்தாள். பேச்சியம்மாளுக்கு மாதம் நெருங்கிவிட்டது.

"நீயும் வா, இசக்கியும் வரட்டும்" என்றாள். "ரெண்டு பேரும் ஒண்ணா வந்தா வாங்க."

போய்ப் பார்த்தால் சாய்ப்பில் ஆள் இல்லை. வீட்டுக்குள், நெல் பத்தாயம் இருக்கும் அறையைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டிருந்தாள். பேறுகாலத் தீட்டை வீட்டுக்குள் கொண்டு வருவது அந்தக் காலத்தில் சாதாரணக் காரியமில்லை. வடிவாச்சியின் புருஷன் முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"நெல்லு இருக்க எடத்துல தீட்டா? ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"தீட்டு தண்ணி விட்டுக் கழுவினாப் போயிரும்" என்றாள் வடிவாச்சி, அவர் பக்கம் திரும்பாமலே. "போன பிள்ளை வருமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. கத்திரிக்கோலை நான் கொதிக்க வைத்தேன், கொடியை இசக்கியக்கா வெட்டினாள். கொதிக்க வைத்து உலர்த்திய துணியை மடித்து வைத்துக் கட்டினோம். இந்த முறை மூன்றாம் நாளோடு நான் நிற்கவில்லை. தினமும் காலையில் போனேன். நான் போகும்போது இசக்கியக்கா ஏற்கெனவே அங்கே இருப்பாள். வடிவாச்சி அறை வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்க வருகிற பெண்களிடம் முதலில் கையைக் காட்டச் சொல்வாள். சொந்த நாத்தனாரைக் கூடச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்துத்தான் உள்ளே விட்டாள்.

ஆறாம் நாள் தொப்புள் தானாக உதிர்ந்தது. ஏழாம் நாளும் கடந்தது.

எட்டாம் நாள் காலையில் நான் போனபோது வீடு அமைதியாக இருந்தது. உள்ளே போனேன். பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. அதன் தொண்டையில் இறங்குகிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. வடிவாச்சியும் இசக்கியக்காவும் மூச்சு விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடிச்சுக் கடிச்சுக் குடிக்கா நர்சம்மா" என்றாள் பேச்சியம்மாள். சொல்லிவிட்டு அழுதாள், சிரித்தாள். எதை முதலில் செய்தாள் என்று எனக்கு ஞாபகமில்லை.

வடிவாச்சியின் பயணம்

நாங்கள் யாரிடமிருந்து உண்மையை மறைக்க நினைத்தோமோ, அவள்தான் பிறகு அதை ஊர் ஊராகக் கொண்டுபோனாள்.

பேத்திக்கு மூன்று மாதம் ஆனதும் வில்வண்டி பூட்டச் சொல்லி, என்னையும் இசக்கியக்காவையும் ஏற்றிக்கொண்டு, ஆற்றோரமாகவே மேற்கே, தன் மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குக் கிளம்பினாள். மகளுக்கு அங்கே இரண்டாவது பேறு, மாதம் நெருங்கியிருந்தது. வழி நெடுக இரண்டு பக்கமும் நடவு. வடிவாச்சி அங்கே போய் என்ன சொல்லப்போகிறாள் என்று எங்களுக்கும் தெரியாது.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் தெருப்பெண்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். நான் கிருமி என்று தொடங்கினேன். வடிவாச்சி என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள்.

"நீ இரி, அம்மா. நான் சொல்லுதேன்."

எழுந்து நின்றாள்.

"எம் மருமவ பெத்த ரெண்டு பிள்ளைக்கும் நாந்தான் சாணிப்பொடி வச்சேன். நல்லதுன்னு நெனச்சு, எங்கையால பொடிச்சு வச்சேன். ரெண்டும் எட்டாம் நாள் வாய் கட்டிப் போச்சு. பட்சி மேல பழிய போட்டேன், மருமவ மேல போட்டேன், இந்த நர்சுப் பிள்ளை மேலயும் போட்டேன். மூணாவது பிள்ளைக்கு வைக்கல. வீட்டுல கெடந்து காலை ஒதைக்கா. நம்பலன்னா வந்து பாருங்க. நீங்க வைக்காதிய. எம் மவளுக்கும் வைக்காதிய. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சம்பந்தியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். பேறுகாலத்துக்கென்று முன்கூட்டியே சாணியைப் பொடித்துச் சேர்த்து வைத்திருந்த கொட்டாங்கச்சியோடு வெளியே வந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத நான் என்ன செய்ய மயினி?"

வடிவாச்சி அதை வாங்கி மோந்து பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"வயல்ல போடுங்க" என்றாள். "நெல்லுக்கு நல்லது."